வெல்வெட்டு அச்சு: கண்ணுக்கும் கைக்கும் ஓர் ஓவியம்

திருமண அழைப்பிதழ் ஒன்று வீட்டுக்கு வருகின்றது. நான்கு மூலைகளிலும் மஞ்சள் தடவப் பெற்ற அந்த அட்டையைக் கையில் வாங்குபவர், மணமக்களின் பெயரைப் படிப்பதற்கு முன்னரே, முகப்பிலுள்ள பிள்ளையார் உருவத்தை விரலால் ஒருமுறை தடவிப் பார்க்கின்றார். உருவம் மெத்தென்றிருக்கின்றது; மயிலிறகின் நுனியைத் தொட்டாற்போன்ற ஓர் இதம். குழந்தைகளோ அதை விட்டுக் கையை எடுப்பதேயில்லை. வெறும் காகிதத்தின்மேல் இந்த வெல்வெட்டு எவ்வாறு வந்து அமர்ந்தது? துணியை வெட்டி ஒட்டியிருக்கின்றார்களா என்று உற்று நோக்கினால் அப்படியும் தோன்றுவதில்லை. பிள்ளையாரின் துதிக்கையும் மூஞ்சூறின் வாலும் கத்திரிக்கோலால் வெட்டி எடுக்கக் கூடிய அளவில் இல்லை.

விடை எளியது. அங்கே அச்சிடப்பட்டது மை அன்று, பசை. பசை காய்வதற்கு முன் அதன்மேல் மிக நுண்ணிய இழைத்தூள் தூவப்பட்டது. பசை உள்ள இடத்தில் தூள் ஒட்டிக்கொண்டது. இல்லாத இடத்தில் உதிர்ந்து போயிற்று. அச்சுத் தொழிலில் இதனை 'ஃபிளாக்கிங்' என்பர். அழைப்பிதழ் மட்டுமன்று, நகைக்கடையில் மோதிரம் வைத்துத் தரும் சிறு பெட்டியின் உட்புறம், மோட்டார் வண்டியின் கண்ணாடி ஏறி இறங்கும் பள்ளத்தின் ஓரம் ஆகியவற்றிலும் இவ்வேலைப்பாட்டைக் காணலாம். இன்று கையால் வாழ்த்து அட்டை செய்வோர், ரப்பர் அச்சினால் உருவம் பதித்து, அதற்கு இம்முறையிலேயே வெல்வெட்டுத் தன்மை ஊட்டுகின்றனர். பெரிய இயந்திரம் வேண்டாத இக்கலை, நெடிய வரலாறும் நுட்பமான அறிவியலும் உடையது.

கழிவிலிருந்து பிறந்த கலை

ஐரோப்பாவில் கம்பளித் துணியை நெய்து முடித்தபின், அதன் மேற்பரப்பைச் சமமாக்கக் கத்தரிப்பது வழக்கம். அப்போது உதிரும் கம்பளித் தூள் வீணே போகும் பொருள். அதனைப் பயன்படுத்தும் எண்ணம் 15ஆம் நூற்றாண்டிலேயே ஜெர்மானிய நாட்டவர்க்குத் தோன்றிவிட்டது. மரக்கட்டையில் செதுக்கிய உருவத்தில் பசையைத் தடவிக் காகிதத்தில் ஒற்றி, அதன்மேல் கம்பளித் தூளைத் தூவிப் புனிதர்களின் படங்களை அவர்கள் செய்தனர். பட்டும் வெல்வெட்டும் வாங்க இயலாத எளிய மக்கள், அவற்றின் தோற்றத்தைக் குறைந்த செலவில் பெற இது வழி செய்தது. அக்காலத்துப் படங்களுள் இன்று எஞ்சியிருப்பவை மிகச் சிலவே. நூரம்பர்க் நகரத்துப் புனித காதரின் கன்னிமாடத்தைச் சேர்ந்த பழைய கைப்பிரதி ஒன்று, துணியில் பொன், வெள்ளி, கம்பளித் தூள் ஆகியவற்றால் அச்சிடும் முறைகளை விளக்குகின்றது.

1634ஆம் ஆண்டு இங்கிலாந்தில் முதலாம் சார்லஸ் மன்னர், ஜெரோம் லானியர் என்பவருக்கு இம்முறைக்கான காப்புரிமையை வழங்கினார். துணி, தோல் முதலியவற்றின்மேல் எண்ணெய்ப் பசை கொண்டு கம்பளியையும் பட்டையும் ஒட்டிச் சுவர்த் திரைகள் செய்வது பற்றியது அவ்வுரிமை. அடுத்த நூற்றாண்டில் வெல்வெட்டுச் சுவர்த்தாள்கள் லண்டனில் பெரும் புகழ் எய்தின.

சுவர்த்தாள் செய்தோர் கையாண்ட ஓர் உத்தி இன்றும் நினைவிற் கொள்ளத் தக்கது. அடிப்பகுதி தோலாலான பெரிய பெட்டி ஒன்றில், பசை தடவிய தாளை வைத்துத் தூளைத் தூவுவார்கள். பிறகு கீழிருந்து அத்தோலைக் கோலால் அடிப்பார்கள். முரசு அதிர்வது போல் அது அதிரும். தூள் புகைபோல் மேலெழுந்து மீண்டும் தாளின்மேல் இறங்கும். இவ்வதிர்ச்சியினால் படுத்துக் கிடக்கும் இழைகள் பல நிமிர்ந்து நிற்கும். இழை நிமிர்ந்து நிற்றலே வெல்வெட்டின் உயிர் என்பதை அவர்கள் அனுபவத்தாலேயே அறிந்திருந்தனர்.

மலாய் நாட்டின் தெலெபோக்

பசையை அச்சிட்டு, அதன்மேல் வேறொரு பொருளை ஒட்டச் செய்யும் இத்தத்துவம் ஐரோப்பாவுக்கு மட்டும் உரியதன்று. மலாய்த் தீபகற்பத்தில் 'தெலெபோக்' என்னும் அரிய துணிக்கலை உண்டு. கருமை சார்ந்த நிறமுடைய துணியை மெழுகிட்டுச் சோழியால் தேய்த்து முதலில் பளபளப்பாக்குவர். பூவும் கொடியும் செதுக்கிய சிறு மர அச்சில் கோந்தைத் தடவித் துணியில் ஒற்றுவர். கோந்து காயுமுன் தங்கத் தகட்டை அதன்மேல் வைத்து அழுத்தி, மிகுதியை நீக்கினால், பொன்னாலான பூ துணியில் நிற்கும். அரச குடும்பத்தாரும் உயர்குடியினரும் அணிந்த ஆடை அது. துவைக்க இயலாத அத்துணியைச் செய்வோர் 20ஆம் நூற்றாண்டில் மிகவும் அருகிவிட்டனர்.

தமிழ்நாட்டின் தஞ்சாவூர் ஓவியமும் ஒரு வகையில் இதற்கு உறவே. அங்கே சுண்ணப்பொடியும் கோந்தும் குழைத்த மாவால் நகைகளையும் மண்டப வளைவுகளையும் புடைப்பாக எழுப்பி, அவற்றின்மேல் தங்கத் தகட்டை ஒட்டுகின்றனர். படம் தட்டையாக இராமல் தொட்டு உணரத் தக்கதாய் இருக்க வேண்டும் என்னும் விருப்பம் இக்கலைகள் அனைத்துக்கும் பொதுவானது.

ரப்பர் அச்சும் தோட்டத் தமிழரும்

மர அச்சின் இடத்தை இன்று வாழ்த்து அட்டைத் தொழிலில் ரப்பர் அச்சு பிடித்துக்கொண்டது. சார்லஸ் குட்இயர் 1839ஆம் ஆண்டு ரப்பரைக் கந்தகத்துடன் சேர்த்துச் சூடாக்கி உறுதிப்படுத்தும் முறையைக் கண்டார். அதன் பின்னரே ரப்பரில் எழுத்தையும் உருவத்தையும் வார்க்க முடிந்தது.

1877ஆம் ஆண்டு சிங்கப்பூருக்கு 22 ரப்பர் நாற்றுகள் வந்து சேர்ந்தன. பின்னர் மலாயாவின் காடுகளை அழித்து எழுந்த தோட்டங்களில் பால் மரம் வெட்டியவர்களுள் பெரும்பாலோர் தமிழர். தோட்டங்கள் துண்டாடப்பட்டும் வீட்டு மனைகளாக மாறியும் போனபோது, அங்கிருந்து வெளியேறிய குடும்பங்கள் பல, கிள்ளான் பள்ளத்தாக்கின் நகர்ப்புறங்களை நாடின. பெட்டாலிங் ஜெயாவின் தெற்கே, பழைய கிள்ளான் சாலையை அடுத்துள்ள கம்போங் மேடான் வட்டாரம் அத்தகைய குடும்பங்கள் பலவற்றுக்கு இடமளித்தது. அடுக்குமாடி வீட்டின் சிறு கூடத்தில் ஒரு மேசையைப் போட்டு அழைப்பிதழோ தீபாவளி வாழ்த்தோ செய்ய விரும்பும் குடும்பத்திற்கு இக்கைத்தொழில் ஏற்றதே. அவ்வீட்டில் கையில் எடுக்கும் ரப்பர் அச்சு, பாட்டன் பாட்டி அதிகாலையில் பால் எடுத்த அதே பொருளின் பேரப்பிள்ளை எனலாம்.

வெல்வெட்டு ஏன் ஆழ்ந்த நிறம் காட்டுகின்றது?

ஒரே சிவப்பு மையில் தோய்த்த தாளையும் வெல்வெட்டையும் அருகருகே வைத்தால், வெல்வெட்டின் சிவப்பே ஆழமாகத் தோன்றும். இதற்குக் காரணம் ஒளியின் போக்கு. வழவழப்பான பரப்பில் விழும் ஒளியில் ஒரு பகுதி, நிறத்தைத் தொடாமலே நேராகத் திரும்பிக் கண்ணை அடைகின்றது. அதனால் நிறம் வெளிறுகின்றது. வெல்வெட்டிலோ ஒளி, நிமிர்ந்து நிற்கும் இழைகளுக்கு இடையே புகுந்து, ஓர் இழையில் பட்டு மற்றோர் இழைக்குச் சென்று, ஒவ்வொரு முறையும் சிறிது சிறிதாக உறிஞ்சப்படுகின்றது. மூங்கிற் புதருக்குள் நுழைந்த வெயில் தரையை எட்டுவதற்குள் மங்கிவிடுவது போன்றது இது. வெளியே திரும்பும் சிறிதளவு ஒளி, நிறத்தில் நன்கு தோய்ந்தே வருகின்றது. ஆனால் பக்கவாட்டிலிருந்து பார்க்கும்போது இழைகளின் விலாப்புறம் ஒளியைத் திருப்புவதால், ஓரங்களில் வெள்ளிக்கோடு போன்ற மினுக்கம் தெரியும்.

தொடும்போது தோன்றும் மென்மைக்கும் காரணம் இந்நிமிர்வே. விரல் பட்டதும் ஒவ்வோர் இழையின் நுனியும் சிறிது வளைந்து கொடுத்து, விரல் எடுத்ததும் மீள்கின்றது. இழைகள் படுத்துக் கிடந்தால் கம்பளிபோன்ற சொரசொரப்புக் கிட்டுமே தவிர, வெல்வெட்டின் இதம் கிட்டாது.

கையால் செய்யும் முறை

கையால் செய்வோர் முதலில் கவனிக்க வேண்டியது அச்சின் தேர்வு. மயிரிழை போன்ற கோடுகள் நிறைந்த உருவம் இதற்கு ஒவ்வாது. இழைத்தூள் கோடுகளை மூடிவிடும். மாங்காய், தாமரை, குத்துவிளக்கு, யானை போன்று நிறைந்த பரப்புடைய உருவங்களே ஏற்றவை. அட்டையும் கனமாக இருத்தல் வேண்டும். மெல்லிய தாள் பசையின் ஈரத்தில் சுருண்டுவிடும்.

உருவத்தை மையினால் பதித்துக் காயவைத்த பின், வெல்வெட்டு வேண்டிய பகுதிகளில் மட்டும் வெள்ளைப் பசையைத் தூரிகையால் மெல்லிதாகவும் சீராகவும் தடவுவது எளிய வழி. பசையை நேரே ரப்பர் அச்சில் தடவி ஒற்றுவதும் உண்டு. ஆனால் உடனே அச்சைக் கழுவாவிடில், பசை பள்ளங்களில் உறைந்து அச்சே பாழாகும். பசையில் இழைத்தூளின் நிறத்தையே சிறிது கலந்துகொண்டால், இடையிடையே தூள் குறைந்த இடங்கள் கண்ணுக்குத் தெரியா.

பின்னர்த் தேயிலை வடிகட்டி போன்ற சிறு சல்லடையால் இழைத்தூளைத் தாராளமாகத் தூவ வேண்டும். இங்கேதான் பழைய சுவர்த்தாள்காரரின் உத்தி பயன்படுகின்றது. அட்டையின் அடிப்புறத்தை விரல் நகத்தால் மெல்லத் தட்டிக்கொண்டேயிருந்தால் இழைகள் துள்ளி நிமிர்கின்றன. பலர் செய்வது போல மேலிருந்து அழுத்தித் தேய்த்தால் அவை படுத்துவிடும். சிறிது நேரம் கழித்து அட்டையைச் சாய்த்து மிகுதியைத் தாளொன்றில் கொட்டிச் சேர்த்துக்கொள்ளலாம். பசை முற்றிலும் உலர்வதற்கு ஒரு நாள் விடுவது நல்லது. அதன் பின்னரே மென்மையான தூரிகையால் எஞ்சிய தூளை நீக்க வேண்டும்.

கிள்ளான் பள்ளத்தாக்கின் ஈரக்காற்று இவ்வேலைக்குச் சிறிது இடையூறே. ஈரம் ஏறிய இழைத்தூள் கட்டி கட்டியாகச் சேரும். பசையும் மெல்லவே உலரும். தூளை இறுக மூடிய புட்டியில் வைத்திருப்பதும், மழை பெய்து ஓய்ந்த மாலையில் இவ்வேலையைத் தொடங்காதிருப்பதும் நலம். அழைப்பிதழாயின் இன்னொன்றும் கருத வேண்டும்: மூலைகளில் மஞ்சளைக் குழைத்துத் தடவும்போது ஈரம் வெல்வெட்டில் பட்டால் இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஆகவே உருவத்தை மூலைகளிலிருந்து தள்ளியே அமைத்தல் வேண்டும்.

சூட்டில் பொங்கும் மை

இழைத்தூளே இல்லாமல் பஞ்சுபோன்ற தன்மையைத் தரும் மை ஒன்றும் உண்டு. அதனுள் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய குமிழ்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் மெல்லிய பிளாஸ்டிக் ஓடு. ஓட்டினுள் எளிதில் ஆவியாகும் திரவம். சூடு பட்டதும் ஓடு இளகுகின்றது, உள்ளிருக்கும் திரவம் ஆவியாகி விரிகின்றது, குமிழ் பன்மடங்கு பருக்கின்றது. எண்ணெயில் இட்ட பூரி உப்புவதும் இத்தகையதே. பதித்து உலர்ந்த உருவத்தின்மேல் வெப்பக் காற்றைக் காட்டினால், தட்டையான கோடு பஞ்சுத்திரிபோல் எழும்பி நிற்கும். ஆட்டுக்குட்டியின் உடல், மேகம், முயலின் வால் போன்றவற்றுக்கு இது பொருத்தமானது. ஆனால் சூடு மிகுந்தால் ஆவி ஓட்டைக் கடந்து வெளியேறி, உப்பிய பகுதி மீண்டும் சுருங்கிவிடும்.

மின்னாற்றலால் நிமிரும் இழை

ஆயிரக்கணக்கில் அட்டை செய்யும் தொழிற்கூடங்கள் விரல் நகத்தை நம்புவதில்லை, மின்னாற்றலையே நம்புகின்றன. உலர்ந்த தலைமயிரை வாரிய சீப்பு, தாள் துணுக்குகளை ஈர்ப்பதை யாவரும் கண்டிருப்பர். அதே நிலைமின்சாரம்தான் இங்கும் வேலை செய்கின்றது.

தூளைக் கொண்ட கலத்துக்கும், பசை பூசிய அட்டையைத் தாங்கிப் பூமியோடு இணைக்கப்பட்ட தட்டுக்கும் இடையே பல்லாயிரம் வோல்ட் மின்னழுத்தம் ஏற்படுத்தப்படுகின்றது. அதில் ஓடும் மின்னோட்டம் மிகச் சிறிது. மின்னேற்றம் பெற்ற ஒவ்வோர் இழையும், காந்தத்தின் அருகே இரும்புத்தூள் வரிசைப்படுவது போல, மின்புலத்தின் திசையில் நிமிர்கின்றது. பிறகு அம்புபோல் பாய்ந்து பசையில் குத்திட்டு நிற்கின்றது. ஒரேவகை மின்னேற்றமுள்ள இழைகள் ஒன்றையொன்று விலக்குவதால், அவை ஒரே இடத்தில் குவியாமல் காலியான இடங்களைத் தேடி விழுகின்றன. வயலில் நாற்று நடுபவர் இடைவெளி பார்த்து நடுவதை இங்கே மின்சாரமே செய்துவிடுகின்றது. ஒரு சதுர மில்லிமீட்டரில் ஐம்பது முதல் சில நூறு இழைகள் வரை இவ்வாறு நடப்படலாம்.

இன்றைய இழைகள் பெரும்பாலும் நைலான் அல்லது ரேயானால் ஆனவை. மென்மையான வெல்வெட்டுக்கு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான நீளமே போதும். மின்னேற்றத்தை ஏற்குமாறு அவற்றின் மேற்பரப்பைப் பக்குவப்படுத்துவர். காற்று மிக உலர்ந்திருந்தால் இழை மின்னேற்றம் பெறாது. மிக ஈரமாயிருந்தால் ஒட்டிக்கொள்ளும். ஆகவே கூடத்தின் ஈரப்பதத்தை அளவோடு காத்து வருகின்றனர்.

மென்மையில் மறைந்த ஆபத்து

தொடுவதற்கு இதமான இத்தூள், மூச்சில் கலந்தால் தீங்கு செய்ய வல்லது. 1990களில் கனடாவின் ஒண்டாரியோவிலும் அமெரிக்காவின் ரோட் தீவு மாநிலத்திலும் நைலான் இழைத்தூள் தொழிற்சாலைகளில் வேலை செய்தவர்களுள் சிலருக்கு, மூச்சுத்திணறலும் வறட்டு இருமலும் கண்டன. அவர்களுடைய நுரையீரல் திசுக்களில் நாட்பட்ட அழற்சி இருந்தது. 1998ஆம் ஆண்டு மருத்துவ அறிஞர்கள் இதனைத் தனி நோயாகவே பெயரிட்டு விவரித்தனர்.

இழை முழுமையாக இருக்கையில் அது நுரையீரலின் ஆழத்தை எட்டும் அளவுக்குச் சிறியதன்று. ஆனால் சுழலும் கத்திகளால் வெட்டும்போது நைலான் நுனிகள் சிதைந்து, மிக நுண்ணிய துணுக்குகள் உண்டாகின்றன. இவையே மூச்சுக்குழாய்களின் கடைகோடி வரை செல்பவை. நாள்தோறும் பல மணிநேரம் தூசியில் நின்ற தொழிலாளருக்கு நேர்ந்த கேடு, எப்போதோ சில அட்டைகள் செய்பவருக்கும் அப்படியே நேரும் என்பதற்கில்லை. ஆயினும் அழைப்பிதழ் வேலையை ஏற்று வீட்டிலேயே நாள் முழுதும் தூவிக்கொண்டிருப்போர் இதனை அலட்சியம் செய்தலாகாது. கூடம் சிறிது, சன்னல் ஒன்றோ இரண்டோ, அதே இடத்தில் குழந்தை உறங்குகின்றது. மூக்கையும் வாயையும் நன்கு மூடும் கவசம் அணிதல், உயரமான ஓரங்களையுடைய பெட்டிக்குள் வைத்துத் தூவுதல், மின்விசிறியை அவ்வேளையில் நிறுத்திவிடுதல், வேலை முடிந்ததும் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடைத்தெடுத்தல் ஆகியவை செலவில்லாத காப்புகள். மிதக்கும் தூள் எளிதில் தீப்பற்றும் இயல்புடையது. ஆதலால் வெப்பக் கருவியையும் எரியும் விளக்கையும் அதனருகே கொண்டு வருதல் கூடாது.

விரலால் படிக்கும் விருந்தினர்

இத்தொழில் வெறும் அலங்காரமே எனக் கருதுவோர் பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தை எண்ணிப் பார்க்க வேண்டும். பூமாலைக் கடைகளும் சேலைக் கடைகளும் நிறைந்த அதே பகுதியில்தான், 1951ஆம் ஆண்டு தோன்றிய மலேசியப் பார்வையற்றோர் சங்கம் இயங்கி வருகின்றது. வெண்கோலைத் தட்டிக்கொண்டு நடைபாதையில் செல்வோரை அங்கே அன்றாடம் காணலாம். அவர்கள் வீட்டுக்கும் கலியாணப் பத்திரிகை வருகின்றது. பொன்னெழுத்தில் மின்னும் அந்த அட்டை அவர்களுக்கு வழவழப்பான வெற்றுத்தாளே. அதில் என்ன இருக்கின்றது என்று பிறர் சொல்லித்தான் அறிய வேண்டும்.

பார்வையற்றோர்க்கான படங்களைச் செய்ய ஒருவகைச் சிறப்புத் தாள் உண்டு. அதன் மேற்பூச்சில், சூட்டில் பொங்கும் மையில் உள்ளவை போன்ற நுண்குமிழ்கள் நிறைந்திருக்கும். அதில் கருமையான மையால் வரைந்து வெப்ப விளக்கின் கீழ்ச் செலுத்தினால், கருப்பு வெப்பத்தை மிகுதியாக உறிஞ்சுவதால் கோடுகள் மட்டும் எழும்பி நிற்கும். மாணவர்களுக்கு நிலப்படமும் வடிவக்கணிதப் படமும் இவ்வாறு செய்யப்படுகின்றன. ஆகவே வாழ்த்து அட்டையின் வெல்வெட்டும் பொங்கும் மையும் இந்தப் பணிக்கு அயலானவை அல்ல, உறவானவையே.

விரலுக்கான படம், கண்ணுக்கான படத்திலிருந்து வேறுபட்டது. விரல்நுனி இரண்டு புள்ளிகளைத் தனித்தனியே உணர அவற்றினிடையே ஏறத்தாழ இரண்டு மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும். ஆகையால் நெருங்கிய கோடுகள் விரலுக்குக் குழப்பமே தரும். நிழலும் தூரமும் காட்டும் ஓவியம் அதற்குப் புரியாது. எளிய உருவமும், பகுதிக்குப் பகுதி மாறும் தொடுதன்மையுமே வேண்டுவன. குத்துவிளக்கின் தண்டு வெல்வெட்டாகவும், சுடர் பொங்கும் மையாலும், சுற்றுப்புறம் வெறும் அட்டையாகவும் இருந்தால் மூன்றும் விரலுக்கு வெவ்வேறாகத் தெரியும். அதனடியில் மணமக்கள் பெயரையும் நாளையும் இடத்தையும் பிரெயில் எழுத்தில் குத்திச் சேர்க்கலாம். லூயி பிரெயில் 1829ஆம் ஆண்டு வெளியிட்ட அந்த ஆறுபுள்ளி முறையில் தமிழையும் எழுத முடியும். பிரெயில் புள்ளிகளின்மேல் மட்டும் இழைத்தூள் விழாமல் காக்க வேண்டும். புள்ளியின் கூர்மை மழுங்கினால் எழுத்து அழிந்ததற்கு ஒப்பாகும்.

ஐந்நூறு அழைப்பிதழ்களில் ஐந்தே ஐந்தை இவ்வாறு செய்வதற்கு, ரப்பர் அச்சொன்றும் பசையும் ஒரு சிமிழ் இழைத்தூளும் ஒரு மாலைப் பொழுதும் போதும். கம்பளிக் கழிவை வீணாக்காமல் எளியவர்க்கும் வெல்வெட்டைக் கொடுக்கத் தொடங்கிய கலை இது. கண்ணில்லாத விருந்தினர், பிறர் துணையின்றித் தம் விரலாலேயே விளக்கைத் தொட்டுணர்ந்து, மணமக்களின் பெயரைத் தாமே படிப்பாரானால், அக்கலை தன் பழைய வேலையையே இன்னும் ஒருபடி மேலாகச் செய்ததாகும்.